மண்ணூர் ஆட்டத்தில் நான் தூக்கிய கொடி

கபடி சட்டப் புத்தகத்தில் எப்படி எழுதியிருந்தாலும், எங்கள் வட்டாரத்து லீகில் பக்கக் கோட்டுச் சுண்ணாம்பை மிதித்தாலே அவுட். பக்கத்துக்கு ஒருவராகக் கோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் சிவப்புக் கொடியைத் தூக்குவார். மிதித்தானா இல்லையா என்று சந்தேகம் வந்தால் அதற்கும் ஒரு வழக்கம் இருந்தது. ஆடியவன் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். கொடிக்காரர் எழுந்து போய், குனிந்து, அவன் கணுக்காலைப் பிடித்துத் தூக்கிப் பாதத்தைப் பார்ப்பார். வியர்த்த காலில் சுண்ணாம்பு ஒட்டாமல் போகாது. வெள்ளை இருந்தால் அவுட். செம்மண் மட்டும் இருந்தால் ஆட்டம் தொடரும். மாட்டுக்கு லாடம் பார்க்கிற மாதிரி இருக்கிறதே என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்களுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

1991-ஆம் வருஷம் அந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தவன் நான். வடக்குப்பட்டு அப்பாவு மகன் பரசுராமன் என்றால் ஒரகடம் முதல் மண்ணூர் வரை தெரியும். நான் கபடி ஆடியவன் அல்ல. ஆனால் எங்கள் வட்டாரத்தில் இரண்டு வயல்களுக்கு நடுவே எல்லைக் கல் நடுவதென்றால் எங்கள் வீட்டு ஆள் ஒருவர் வந்து நிற்க வேண்டும் என்பது பழக்கம். என் தகப்பனார் கை காட்டிய இடத்தில் நட்ட கல்லை இன்றுவரை யாரும் பிடுங்கியதில்லை. லீக் ஆரம்பித்தபோது கோட்டுக்கு யாரை உட்கார வைப்பது என்று ஊருக்கு ஊர் சண்டை வந்தது. என் பெயரைச் சொன்னதும் அடங்கியது. ஆறு வருஷம் கொடி பிடித்தேன். தூக்கிய கொடியை ஒருமுறைகூட இறக்கியதில்லை.

என் மகன் ஸ்ரீதர் கம்பெனி டீமில் ஆடினான். ஸ்ரீபெரும்புதூர் சாலையில் லாரிக்கு ஸ்பிரிங் பட்டை அடிக்கிற கம்பெனி அது. மற்ற எட்டு டீமும் ஊர் டீம்கள். கம்பெனி டீம் மட்டும் சம்பளத்துக்கு ஆடிய டீம். ஆட்டம் தெரிந்த பையன்களைப் பொறுக்கி எடுத்து, காலையில் லைனில் வேலை, மூன்று மணிக்கு மேல் பயிற்சி என்று வைத்திருந்தார்கள். பெயர் டெம்ப்ரவரி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிறுத்திவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி எடுப்பார்கள். ஸ்ரீதர் மூன்று வருஷம் அப்படி ஓட்டினான். இருபத்து நான்கு வயது. எங்கள் நிலத்தில் பெரும்பங்கு அந்தக் கம்பெனிச் சுவருக்குள் போய்விட்டது. மிச்சம் இருந்ததில் ஒரு ஆளுக்கே வேலை போதாது. அவனுக்கு அந்த வேலையை விட்டால் வேறு இல்லை.

பிப்ரவரி கடைசியில் கம்பெனி மேனேஜர் இராமச்சந்திரன் டீமைக் கூப்பிட்டுப் பேசினார். அன்று மாலை ஸ்ரீதர் வந்து சோறு தின்றபடியே சொன்னான்.

"லீக்ல ஃபர்ஸ்ட் வந்தா அஞ்சு பேர பர்மனென்ட் பண்றாங்களாம். என் பேரும் கீது நைனா."

"வராட்டி?"

"செப்டம்பர் முப்பதோட டீம கலைச்சுடுவாங்க. டீமுக்காக எடுத்தவங்க எல்லாம் வூட்டுக்குப் போவ வேண்டிதுதான்."

என் மனைவி கனகம் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். லீக் செயலாளர் யாக்கோபும் அதையே நினைத்திருக்கிறார். அவர் மாம்பாக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். எல்லா ஆட்டத்துக்கும் விசில் ஊதுகிறவரும் அவரே. மறுநாள் சைக்கிளில் வந்தார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வருஷம் கம்பெனி ஆட்டத்துக்கு மட்டும் வேற யாரையாவது கோட்டுல உக்கார வெச்சுடலாமா? புள்ள ஆடுறான் பாருங்க."

"போன வருஷமும்தான் ஆடினான்."

"போன வருஷம் வேல விஷயம் இல்லியே."

"யாராவது எதுனா சொன்னாங்களா?"

"சொல்லல. சொல்லிடப் போறாங்களேன்னுதான்."

"யாக்கோபு, நான் எழுந்துட்டா இன்னா அர்த்தம்? புள்ளைக்காக வார்த்த மாறும்னு நானே ஒத்துக்கினதா ஆவும். எங்க வூட்டுல அந்தப் பழக்கம் இல்ல."

அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நான் செய்த தவறு அங்கேதான் ஆரம்பித்தது. அன்று அது எனக்குத் தவறாகத் தெரியவில்லை.

மார்ச் மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம். மற்ற டீம்கள் ஆடும்போது என் கண் பழையபடிதான் இருந்தது. ஸ்ரீதர் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு எதிர்ப் பக்கம் போனால் மட்டும் என் வலது கை கொடிக் கம்பை இறுக்கிக்கொள்ளும். அவன் கோட்டுப் பக்கம் வராமல் இருக்க வேண்டுமே என்று நினைப்பேன். அவனோ கோட்டோரம் ஆடுகிறவன். ஓரத்தில் நழுவி வந்து கடைசி ஆளைத் தொட்டுவிட்டு, பக்கக் கோட்டுக்கு ஒரு விரற்கடை உள்ளே பாதம் பதித்துத் திரும்புவதுதான் அவனுடைய ஆட்டம். அதற்காகத்தான் கம்பெனி அவனை எடுத்திருந்தது.

சித்திரையில் வடக்குப்பட்டு மைதானத்தில் ஒரு ஆட்டம். அவன் பாதம் கோட்டருகே பதிந்தது. பட்டதா இல்லையா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. வேறு பையனாக இருந்திருந்தால் எழுந்து போய்க் காலைத் தூக்கிப் பார்த்திருப்பேன். ஆனால் ஐந்நூறு பேர் பார்க்க, தகப்பன் மகன் காலில் குனிவதா? அவனுக்கும் அது கூசியது. நான் நாற்காலியிலிருந்து அசைந்ததைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போனான். நான் கொடியைத் தூக்கினேன். அவன் வெளியே போய் உட்கார்ந்தான். கூட்டத்தில் ஒருவன், "புள்ளன்னு கூட பாக்கல பாரு" என்றான். அந்த வார்த்தை எனக்கு இனித்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மே இருபத்தொன்றாம் தேதி குண்டு வெடித்த பிறகு ஸ்ரீபெரும்புதூர் எப்படி இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து வாரம் ஆட்டமே நடக்கவில்லை. பத்துப் பேர் கூடினால் போலீஸ் ஜீப் வந்து நின்றது. டீமில் இரண்டு பேர் சொந்த ஊருக்குப் போய்த் திரும்பவில்லை. ஸ்ரீதர் ஷிஃப்ட் முடிந்து வந்து, கொல்லையில் தனியாகக் குனிந்து நிமிர்ந்து பயிற்சி செய்வான். லீகையே விட்டுவிடுவார்களோ என்று கவலை. லீக் இல்லாவிட்டால் முதலிடம் ஏது? முதலிடம் இல்லாவிட்டால் வேலை ஏது? ஜூன் கடைசியில் அனுமதி கிடைத்து மறுபடி ஆரம்பித்தபோது, அந்த ஐந்து வாரத்தில் நான் ஐந்து வருஷம் மூத்துவிட்டதாகக் கனகம் சொன்னாள்.

ஆடி மாதத்தில் குன்றத்தூரில் இன்னொரு கொடி. அதிலும் நான் பாதம் பார்க்கவில்லை. அந்த ஆட்டத்தில் கம்பெனி ஒரு புள்ளியில் தோற்றது. திரும்பும்போது பஸ்ஸில் அவன் முன்னால் நின்றான், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் தண்ணீர் வைக்கும்போது கனகம் கேட்டாள்:

"மத்த புள்ளைங்க காலெல்லாம் புடிச்சுப் பாக்கறீங்களாமே. இவன் கால்ல மட்டும் இன்னா முள்ளா கீது?"

நான் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனேன்.

செப்டம்பர் வந்தது. பதினைந்து ஆட்டம் முடிந்தபோது கம்பெனி டீமும் மண்ணூர் டீமும் சமமாக நின்றன. பதினைந்தாம் தேதி இரண்டுக்கும் கடைசி ஆட்டம், மண்ணூர் மைதானத்தில். ஜெயிப்பவருக்கு முதலிடம். யாக்கோபு இரண்டாம் முறை என்னிடம் வரவில்லை. மண்ணூர் கேப்டன் நடேசன்தான் வந்தான். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் பெண் எடுத்தவன். மனைவியைப் பார்த்து அவனும் என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவான்.

"பெரியப்பா, நீங்கதான் எங்க ஆட்டத்துக்குக் கோட்டுல உக்காரணும். வேற ஆளு வந்தா நாங்க ஆட மாட்டோம்."

"எதுக்குப்பா?"

"உங்க புள்ள கோட்டுக்குப் பக்கத்துல வந்தாலே உங்க கை தூக்கிக்குது. எங்களுக்கு எட்டாவது ஆளு மாதிரி நீங்க."

சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தேன். அவன் விளையாட்டாகச் சொன்னது என் நேர்மையைப் பற்றிய புகழ்ச்சி அல்ல என்பது தாமதமாகத்தான் உறைத்தது. அப்போதாவது நான் எழுந்திருக்கலாம். கடைசி ஆட்டத்துக்குப் பயந்து எழுந்துவிட்டான் பரசுராமன் என்று சொல்லமாட்டார்களா? உட்கார்ந்தேன்.

முந்தின நாள் பெய்த மழையில் தரை இறுகி, மேலே மட்டும் உலர்ந்திருந்தது. மதியம் மூன்று மணிக்குப் புதுச் சுண்ணாம்பு போட்டார்கள். கோடு பளிச்சென்று இருந்தது. ஆயிரம் பேருக்குக் குறையாது. மேனேஜர் இராமச்சந்திரன் ஜீப்பில் வந்து, கைக்குட்டையை விரித்து முன்வரிசை பெஞ்சில் உட்கார்ந்தார். கையில் ஒரு ஃபைல். அந்த ஃபைலுக்குள் ஐந்து பெயர் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆட்டம் முழுக்க என் கண் அடிக்கடி அதன் மேலேயே போய் வந்தது.

முதல் பாதியில் மண்ணூர் முன்னால். இரண்டாம் பாதியில் ஸ்ரீதர் நாலு முறை போய் நாலு புள்ளி கொண்டு வந்தான். நாலும் என் பக்கம் வராத புள்ளிகள். எனக்காகத்தான் அந்தப் பக்கமே ஆடுகிறான் என்று புரிந்தது. மண்ணூர்க்காரர்களுக்கும் அது புரிந்தது. அந்தப் பக்கம் ஆட்களை நெருக்கிக் கட்டி, என் பக்கம் வழியைத் திறந்து விட்டார்கள்.

"இங்க வா தம்பி, நைனா கிட்ட வா," என்று நடேசன் கையைத் தட்டிக் கூப்பிட்டான். கூட்டம் சிரித்தது.

ஒரு நிமிஷம் கூட மிச்சம் இல்லை. மண்ணூர் இருபத்து நான்கு, கம்பெனி இருபத்து மூன்று. ஸ்ரீதர் பாடிக்கொண்டு போனான். வேறு வழியில்லாமல் என் பக்கம் வந்தான். கடைசி ஆள் தோளில் ஒரு தட்டு. திரும்பும்போது இரண்டாம் ஆள் முழங்காலில் ஒரு தட்டு. இரண்டு புள்ளி. மூன்றாம் ஆள் குறுக்கே பாய்ந்தான். ஸ்ரீதர் இடது காலைக் கோட்டோரம் ஊன்றி, உடம்பை வளைத்து, அவன் கைக்குக் கீழே நழுவி, நடுக்கோட்டைத் தாண்டிக் குப்புற விழுந்தான். கம்பெனிப் பையன்கள் எகிறிக் குதித்தார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏனென்றால் என் கொடி மேலே இருந்தது.

எப்போது தூக்கினேன் என்று எனக்கே தெரியாது. பாதம் கோட்டருகே வந்தது, கை போய்விட்டது. அவ்வளவுதான்.

அவன் குப்புறக் கிடந்தான். இரண்டு பாதமும் என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தன. பத்தடி தூரம். வெயில் சாய்ந்து நேராக அவற்றின் மேல் விழுந்தது. இடது பாதத்தில் குதிகால் முதல் விரல் வரை செம்மண். ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

அவன் புரண்டு உட்கார்ந்தான். கொடியைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவனுக்குத் தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளைக்குத் தெரியாதா?

"பாதம், பாதம், பாதத்த பாரு," என்று கம்பெனிப் பக்கம் கத்தினார்கள். யாக்கோபு விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றி எழுந்தேன். குனிந்துவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். அதை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி. ஆனால் அதற்குள் அவன் எழுந்து என்னை நோக்கி நடந்தான். நடந்து வந்தவன் பக்கக் கோட்டின் மேல் இடது காலை வைத்து, ஒருமுறை அழுத்தித் திருப்பினான். கூட்டத்துக்கு முதுகு காட்டி நின்றதால் அது வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. நான் பார்த்தேன். பிறகு அவன் யாக்கோபு பக்கம் திரும்பி, ஒற்றைக் காலில் நின்று, பாதத்தைத் தானே தூக்கிக் காட்டினான்.

"அவுட்தான் சார். பாருங்க."

பாதம் வெள்ளை வெளேர் என்று இருந்தது.

யாக்கோபு கையைத் தூக்கினார். மண்ணூருக்கு ஒரு புள்ளி. அடுத்த பாட்டு முடிவதற்குள் நேரம் முடிந்தது. மண்ணூர்ப் பையன்கள் நடேசனைத் தோளில் தூக்கினார்கள். மேனேஜர் பெஞ்சிலிருந்து எழுந்து கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். ஃபைலைத் திறக்கவே இல்லை.

ஆட்டம் முடிந்தால் ஸ்கோர் தாளில் நடுவரும், கோட்டில் உட்கார்ந்த இரண்டு பேரும், இரண்டு கேப்டன்களும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் முடிவு செல்லாது. மேஜைக்குப் போனேன். யாக்கோபு வழக்கம் போல முதலில் என்னிடம் பேனாவை நீட்டினார். ஆறு வருஷம் நான்தான் முதல் கையெழுத்து. தாளில் 25–23 என்று எழுதியிருந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்ரீதர் தூரத்தில் பையில் துணியைத் திணித்துக்கொண்டிருந்தான். பின்னால் யாரோ, "இன்னா பெரியவரே, பேனாவுல மை இல்லியா," என்றார்கள்.

கையெழுத்து போடும் இடத்துக்கு மேலே இப்படி எழுதினேன்: 'கம்பெனியின் கடைசிப் பாட்டுக்கு நான் காட்டிய கொடி தவறு. பாதத்தில் வெள்ளை இல்லை.' கீழே என் பெயரைப் போட்டேன்.

யாக்கோபு படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். "அண்ணே, நான் கண்ணால பாத்தனே. வெள்ள இருந்துதே."

"அது அப்புறம் ஒட்டினது."

"எப்படி?"

நடேசன் தாளை வாங்கிப் படித்தான். அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"பெரியப்பா, பாதத்தத் தூக்கிக் காட்டினது உங்க புள்ள. அவுட்னு சொன்னதும் அவன்தான். இப்ப நீங்க இல்லேன்றீங்க. அப்ப ஒரு வூட்டுல ரெண்டு பேரு, யாரு பொய் சொல்றது? நீங்களே சொல்லிடுங்க, எழுதிக்கலாம்."

மேஜையைச் சுற்றி நாற்பது பேர் இருப்பார்கள். எங்கள் வீட்டைப் பற்றி அப்படிக் கேட்க அதுவரை யாருக்கும் வாய் வந்ததில்லை. அடித்துவிடலாமா என்று தோன்றியது. ஆனால் அவன் கேட்டது நியாயம்.

"அவன் காட்டினது பொய்," என்றேன். "கொடி தூக்கினப்புறம் கோட்டுல கால வெச்சுத் தேச்சான். நான் பாத்தேன்."

"எதுக்குத் தேக்கணும்? கிறுக்கா அவனுக்கு? அவன் வேலயே இதுல கீது."

"அத அவனயே கேளு."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்ரீதர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். கூப்பிட்டும் திரும்பவில்லை.

"மேனேஜர் ஃபைலோட வந்தத பாத்துட்டு பெரியவருக்கு மனசு மாறிடுச்சு," என்று ஒரு குரல் கேட்டது. இன்னொருவன், "இத்தினி வருஷம் மத்தவனுக்குத் தூக்கினதெல்லாம் இன்னா கணக்கு?" என்றான். நான் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கொடியை மேஜை மேல் வைத்துவிட்டு நடந்தேன்.

புதன்கிழமை லீக் கமிட்டி ஸ்ரீபெரும்புதூரில் கூடுவதாக இருந்தது. அந்த மூன்று நாளும் ஸ்ரீதர் ஆறு மணி ஷிஃப்டுக்குப் போய் இரண்டரைக்கு வந்தான். வந்ததும் படுத்தான். கம்பெனியில் சூப்பர்வைசர் அவனைக் கூப்பிட்டு, முப்பதாம் தேதி கேட்டில் காட்டுகிற டோக்கனைத் திருப்பிக் கொடுக்கத் தயாராக இரு என்று சொன்னதைக் கனகம்தான் எனக்குச் சொன்னாள். எங்கிருந்தாவது சைக்கிள் மணி கேட்டால் யாக்கோபோ என்று எட்டிப் பார்ப்பேன். கொழுந்து வெற்றிலையைக்கூட மெல்ல முடியவில்லை. வாயில் வைத்தபடியே இருப்பேன்.

புதன்கிழமை மாலையில் அவர் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மறுபடி ஆடச் சொல்லிட்டாங்க அண்ணே. முழு ஆட்டமும். வர்ற ஞாயித்துக்கெழம, குன்றத்தூர் மைதானத்துல. கோட்டுக்கு அந்த ஊரு ஆளுங்க." கொஞ்சம் நிறுத்தி, "இனிமே உங்கள கோட்டுக்குக் கூப்புட வேணாம்னு தீர்மானம் எழுதிட்டாங்க. நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல," என்றார்.

"நல்லது. எழுதட்டும்."

"மண்ணூர்ல ரொம்ப மோசமா பேசறாங்க. நீங்க அந்தப் பக்கம் கொஞ்ச நாளு போவாதீங்க."

அவர் போனதும் கனகம் வந்து நின்றாள். ஆட்டம் மறுபடி நடக்கப் போகிறது என்பது மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. ஒரு மூச்சு விட்டாள். ஸ்ரீதர் உள்ளே படுத்திருந்தான். அவனும் கேட்டிருப்பான். எழுந்து வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கொல்லைக் கிணற்றடியில் அவன் கால் கழுவிக்கொண்டிருந்தான். நான் துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தேன். அவனே பேச ஆரம்பித்தான். ஆறு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு.

"எதுக்கு எழுதின நைனா?"

"நீ எதுக்குத் தேச்ச?"

"உன் கொடி. ஆயிரம் பேரு பாத்தாங்க. நீ குனியறதுக்கு எழுந்த. ஆறு வருஷத்துல எறக்காத கொடிய எனக்காக எறக்கினேன்னு ஊரு சொல்லும். அது எனக்குத் தேவையா?"

"வேல தேவையில்லியா?"

"தேவதான்." வாளியைக் கீழே வைத்தான். "சித்திரையில நம்ம ஊருல தூக்கின பாரு, அது படல. குன்றத்தூர்ல தூக்கினதும் படல. ரெண்டு வாட்டியும் வெளிய போய் நானே கால திருப்பிப் பாத்தேன். நான் எதுனா கேட்டனா?"

குன்றத்தூர் ஆட்டம் ஒரு புள்ளியில் போனது. அந்தக் கொடி இல்லாவிட்டால் மண்ணூர் ஆட்டம் ஒன்றையே நம்பி நிற்க வேண்டி வந்திருக்காது. கம்பெனி அப்போதே முன்னால் போயிருக்கும். அவன் அதைச் சொல்லவில்லை. கணக்கு எனக்கே தெரிந்தது.

"சொல்லியிருக்கலாமேடா."

"உன்கிட்டயா?" என்றான். கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. பிறகு ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றான். "இப்ப நாளைக்கு நான் இன்னா பண்ணணும்னு நீயே சொல்லு. நான் ஜெயிச்சா, புள்ள வேலைக்காகப் பரசுராமன் பொய் எழுதி ஆட்டத்த வாங்கிக் குடுத்தான்னு சொல்வாங்க. சாவற வரைக்கும் சொல்வாங்க. தோத்துட்டேன்னு வெச்சுக்க. மனுசன் ஒண்ணும் லாபத்துக்கு எழுதல, உண்மையத்தான் எழுதியிருக்காருன்னு வாய மூடிக்குவாங்க. உன் பேரு நிக்கும். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். எது வேணும்?"

ரெண்டும் ஒண்ணு என்று அவன் சொன்னது பொய். அவன் கண் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நான் தோற்கச் சொன்னால் தோற்றிருப்பான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் வளர்த்த வளர்ப்பு அது. கிணற்றுக்கு அந்தப் பக்கம் கம்பெனிச் சுவர் தெரிந்தது. இரண்டாம் ஷிஃப்டின் சம்மட்டிச் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. என் தகப்பனார் பெயர் நினைவுக்கு வந்தது. அவர் நட்ட கற்களும் நினைவுக்கு வந்தன.

"ஜெயி," என்றேன்.

"ஊரு பேசும்."

"பேசட்டும். ஜெயிச்சுட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை நானும் குன்றத்தூருக்குப் போனேன். போகாமல் இருந்தால் ஒளிந்துகொண்டேன் என்பார்கள். நாற்காலி இல்லாமல், மண்ணூர்க்காரர்கள் நடுவிலேயே இடம் பிடித்து நின்றேன். தோளில் இடித்தார்கள். ஒருவன் என் காது கேட்க, "பேனா எடுத்துக்கினு வந்துகீறியா பெரியவரே" என்றான். நான் ஆட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஸ்ரீதர் அன்று இரண்டு பக்கமும் ஆடினான். முப்பத்தொன்று, இருபத்தாறு. கம்பெனி ஜெயித்தது. கோட்டோரம் பதினோரு புள்ளி எடுத்தான். குன்றத்தூர் ஆள் ஒரு தடவைகூடக் கொடி தூக்கவில்லை. நடேசன் கை கொடுக்கும்போது என் பக்கம் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

முப்பதாம் தேதி ஐந்து பேருக்கும் ஆர்டர் கொடுத்தார்கள். ஸ்ரீதர் அதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. அவன் பெயருக்குக் கீழே என் பெயரும் என் தகப்பனார் பெயரும் தப்பில்லாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கனகத்திடம் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் அவன் பர்மனென்ட் ஆளாக ஆறு மணி ஷிஃப்டுக்குப் போனான். நான் ரோட்டுக் கடைக்கு டீ குடிக்கப் போனேன். பெஞ்சில் மண்ணூர் பக்கத்து ஆட்கள் நாலு பேர் இருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருவன் மற்றவனிடம், "எந்த வேலையா இருந்தாலும் இவர்கிட்ட சொல்லுடா, எழுதி வாங்கிக் குடுத்துடுவாரு," என்றான். கடைக்காரர் சங்கடத்தோடு கிளாஸை என்னிடம் நீட்டினார். டீ கொதிக்கக் கொதிக்க இருந்தது. அவர்களுக்கு எதிரிலேயே நின்று, அது ஆறும் வரை காத்திருந்து, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் நான் அங்கிருந்து கிளம்பினேன்.